அடிக்கு எத்தனை வெள்ளி?

எங்கள் காலத்தில் ஆண்பிள்ளைக்குக் குசினியில் இரண்டு வேலைதான் ஒதுக்கப்பட்டிருந்தது: விறகு பிளந்து போடுவது, ஆக்கிப் போட்டதை உப்பு உறைப்புப் பேசாமல் தின்றுவிட்டு எழுந்து போவது. அப்படியே வளர்ந்து, அப்படியே சம்பாதித்து, அப்படியே வேலை ஓய்வும் பெற்றுவிட்ட ஒருவனிடம், சேமநிதிப் பணம் மெல்லக் கரைந்துகொண்டிருக்கும் வயதில் வந்து, "டேபிள் டாப்பு மாத்தணும்ங்க, என்ன கல்லு, என்ன கலருன்னு நீங்களே பாத்துச் சொல்லிடுங்க" என்று மனைவி பொறுப்பை ஒப்படைத்தால், இது பதவி உயர்வா தண்டனையா என்று விளங்கவே கொஞ்ச நாள் பிடிக்கிறது. ஒதுக்கிய தொகை 3,500 வெள்ளி. மகளுடைய சிநேகிதிகள் இந்தத் தொகைக்குக் குழாயும் சிங்க்கும் மட்டும் வாங்குவார்கள் என்பது பிறகு தெரிந்தது.

எங்கள் ஜெஞ்சாரோம் ஊர்க்காரர்கள் பெரிய சாமான் எதை வாங்குவதென்றாலும் போவதற்கு இரண்டு திசைதான், ஒன்று பந்திங், இல்லாவிட்டால் கிள்ளான். இரண்டையும் கோத்துக்கொண்டு ஓடுகிற இந்த ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையின் ஓரத்தில், நான் அரைக்கால் சட்டை போட்ட நாட்களில் இருட்டிக்கொண்டு பால்மரம் நின்றது. மீசை வைத்த நாட்களில் செம்பனை நின்றது. மீசையில் சாயம் பூசவும் அலுத்துவிட்ட இந்த நாட்களில் டைல்ஸ் கடையும் கபினெட் கடையும் விளக்குக் கடையும் நிற்கின்றன. நிழல் என்று பார்த்தால் மரங்கள்தான் தேவலை. கடைகளில் குளிரூட்டி இருக்கிறது, அதனால் நான் எதிர்த்துப் பேசுவதில்லை.

அப்படிக் குளிரக் குளிர இருந்த ஒரு கடையில், என் மகளைவிடச் சின்னவளாகத் தெரிந்த ஒரு சீனப் பெண், "உட்காருங்க அங்கிள்" என்று மலாயில் உபசரித்து, உள்ளங்கை அகலத்துக்கு அறுத்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் பரப்பினாள். எல்லாமே அடிக்கணக்கு. குவார்ட்ஸ் அடிக்கு இருநூறைத் தாண்டுகிறது. கருங்கல் அதற்குக் கொஞ்சம் கீழே. காகிதமும் பசையும் சேர்த்து அழுத்திய பலகை இன்னும் கீழே. விலையைச் சொன்ன அதே மூச்சில் விதிகளையும் சொன்னாள். குவார்ட்ஸ் என்பது பத்தில் ஒன்பது பங்கு கல்தூள், மிச்சம் ரெசின், ஆகவே கொதிக்கிற சட்டியை நேராக இறக்கி வைக்கக் கூடாது, ரெசின் நிறம் மாறிவிடும். பளிங்கில் எலுமிச்சையும் புளியும் பட்டால் மெருகு அரித்துவிடும். வெளிர் நிறமாக இருந்தால் மஞ்சள்தூள் சிந்தியதும் துடைக்க வேண்டும், காபி சிந்தியதும் துடைக்க வேண்டும், துடைத்த துணியை அங்கேயே விட்டுவிடக் கூடாது.

"அப்ப இதுமேல என்னதாம்மா வைக்கலாம்?" என்று கேட்டேன்.

அவள் யோசிக்கவே இல்லை. "பூ வைக்கலாம் அங்கிள்."

நான் பிறந்து வளர்ந்த குசினியில் மேடை என்ற ஒன்றே கிடையாது. தரைதான் மேடை. லயத்து வீட்டின் பின்புறம், தகரக் கூரைக்குக் கீழே, கரி படிந்த பலகைச் சுவர்களுக்கு நடுவே, மூன்று செங்கல்லை முட்டுக்கொடுத்த அடுப்பும், வாசற்படியை ஒட்டி அம்மியும், மூலையில் ஆட்டுக்கல்லும், நடுவில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு மணைப்பலகையும் இருந்தன. அந்தப் பலகையில் அம்மா உட்கார்ந்துவிட்டால் அவள் கை எட்டாத சாமான் அந்த வீட்டில் எதுவும் இல்லை. வெங்காயம் உரிக்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, கடன் வாங்கிய மைலோ டின் அரிசியைத் திருப்பித் தர வந்த அத்தை, பள்ளிக்கூடம் விட்டு வந்து பசிக்குது பசிக்குது என்று அரற்றுகிற நாங்கள், எல்லாரும் ஒரே மட்டத்தில் தரையில் குந்தியிருப்போம். லயத்தின் தடுப்புச் சுவர்கள் கூரை வரைக்கும் போவதில்லை என்பதை அந்தக் காலத்து வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மூன்றாம் வீட்டில் கருவாடு வறுபட்டால் எங்கள் வீட்டில் வெறுங்கஞ்சி தானாகத் தொண்டைக்குள் இறங்கும். ஐந்தாம் வீட்டில் புருஷன் பெண்சாதி சண்டை என்றால் இங்கே அம்மிக்குழவி ஓசைப்படாமல் மெல்ல உருளும், கேட்பதற்கு வசதியாக.

அந்த அடுப்பில் எரிந்தது பால்மர விறகு. ஒரு பால்மரம் இருபத்தைந்து முப்பது வருடம் பால் கொடுத்துக் களைத்துப் போனதும் அதைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள்; சாய்த்த காட்டுக்குள் ஞாயிற்றுக்கிழமை காலையில் லயமே பாராங் கத்தியும் கோடரியுமாக இறங்கும். விலை கிடையாது, அளவு கிடையாது, தூக்க முடிந்தவனுக்குத் தூக்க முடிந்தது. அந்த மரத்துக்கு விறகாவதைத் தவிர வேறு கதி உண்டு என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், வெயில் தலைக்கேறிவிட்டது என்று அவருக்கு மோர் கொடுத்திருப்போம். வெட்டிச் சில நாளிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாரிக்கும், வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். அதை யார் வீட்டுச் சாமானாகச் செய்வார்கள்?

செய்தார்கள். அறுத்த கையோடு மருந்தேற்றிச் சூளையில் உலர்த்தினால் வண்டும் வராது, நிறமும் மாறாது என்று கண்டுபிடித்து, எண்பதுகள் தொட்டு அந்த விறகுக்கட்டையையே மேசையும் நாற்காலியுமாக்கி உலகமெல்லாம் ஏற்றுமதி செய்து, இந்த நாடு அதில் பெரும் பணமும் பார்த்துவிட்டது. அந்தக் குளிர்ந்த கடையிலும், குச்சி குச்சியாக ஒட்டி இழைத்து எண்ணெய் பூசிய ஒரு பலகையைத் தனியாக, விளக்குப் போட்டு நிறுத்தியிருந்தார்கள். "இது மரம், அங்கிள். நேச்சுரல். ரப்பர் வுட்" என்றாள் அந்தப் பெண், நான் பார்த்திராத ஒரு பொருளை அறிமுகம் செய்கிற பணிவோடு. நெருப்பு ஆகாது, தண்ணீர் நிற்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னாள். நெருப்பு ஆகுமா ஆகாதா என்பதை என்னிடம் கேட்டிருக்கலாம்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தத் தரைக் குசினியை நான் இவ்வளவு உருகி எழுதுவதற்குக் காரணம், அதில் நான் சமைத்ததில்லை. விடியும் முன்பே பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு நடுப்பகலில் வீடு திரும்பி, அந்த மணைப்பலகையில் உட்கார்ந்து மறுபடி அம்மியை இழுத்தவள் அம்மா. முழங்கால் இரண்டையும் அந்தத் தரையில்தான் தொலைத்தாள். ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் நான் கொஞ்சம் உணர்ச்சி வசப்பட்டு, "அம்மியில அரைச்ச அந்த மீன்கறி ருசி வருமாம்மா?" என்று இழுத்தபோது, எண்பதைத் தாண்டிய அவள் தட்டிலிருந்து தலையை உயர்த்தாமல், "வரும். நீ அரைச்சேன்னா வரும்" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் மிக்சியைப் பற்றிக் குறைவாகப் பேசுவதில்லை.

தரையிலிருந்து மேடைக்கு எங்கள் வீட்டை ஏற்றிவைத்த பெருமை எனக்கே உரியது. எழுபதுகளில் தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலைகள் முளைத்தபோது தோட்டத்துப் பிள்ளைகள் பலபேர் பால்வாளியை மறந்துவிட்டு அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனோம். நான் போனது ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு. எண்பதுகளின் கடைசியில், அரசாங்கம் 1982இல் 25,000 வெள்ளி என்று விலைக்கு வரம்பு கட்டிய மலிவு விலை வீடுகளில் ஒன்று வங்கிக் கடனில் எங்களுக்கு அமைந்தது. அதில் குசினி என்று கொடுத்தது ஒரு முழக் கான்கிரீட் பலகையும் அதில் பதித்த ஒரு சிங்க்கும். எனக்குப் போதவில்லை. நான் சம்பளக்காரன், வார இதழ்களில் படம் பார்ப்பவன், கழுத்தில் அட்டை தொங்குகிறவன்; என் வீட்டில் ஃபார்மிகா மேடை இல்லாவிட்டால் நாட்டு முன்னேற்றத்துக்கே என்ன அர்த்தம்?

ஃபார்மிகாவைப் பற்றி அம்மாவுக்கு நான் ஒரு சொற்பொழிவே நடத்தியிருக்கிறேன். 1912இல் அமெரிக்காவில் ஃபேபர், ஓகானர் என்ற இரண்டு பொறியாளர்கள் மின்சாரச் சாமான்களுக்கு மைக்கா தகட்டுக்குப் பதிலாகக் கண்டுபிடித்தது. காகிதத்தை ரெசினில் ஊறவைத்துச் சூட்டில் அழுத்தினால் கெட்டியாகிவிடும். மேலே படம் அச்சடித்த தாளை வைத்தால் தேக்கும் வரும், பளிங்கும் வரும். "எங்க பெக்டரில ரேடியோவுக்கு போர்டு போடறோமே, அதுக்கும் இதுக்கும் ஒரே குடும்பம்மா" என்று முடித்தேன். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "ரேடியோ போர்டு மேல எதுக்குடா சோறு வடிக்கணும்?" என்றாள். தாய்மார்களுக்கு அறிவியல் மனப்பான்மை இல்லை என்று அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

தகட்டை வாங்கியது புதுக்கிராமத்து இரும்புக்கடையில். ஜெஞ்சாரோமின் நடுமையம் அவசரகாலத்தில் அரசாங்கம் சீனக் குடியானவர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய புதுக்கிராமம். அந்தக் காலத்துப் புதுக்கிராமங்களில் முள்வேலியும் ஊரடங்கும் இருந்தன, அரிசிக்குப் பங்கீடு, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று சில இடங்களில் அரிசியைக் கொடுக்காமல் பொதுக் குசினியில் சோறாக்கியே அளந்தார்கள், டின் உணவையும் ஓட்டை போட்டே விற்றார்கள். அப்படிப்பட்ட நாட்களைப் பார்த்துவிட்ட கடைத் தௌக்கேக்கு அடுப்பு மேடை விஷயத்தில் ஆடம்பரம் செல்லுபடியாகவில்லை. "தம்பி, சிமெந்து போடு. டைல்ஸ் ஒட்டு. உன் பேரன் காலத்துக்கும் நிக்கும்" என்றார், கடைத் தமிழும் பசார் மலாயும் கலந்து. நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன். நாலடிக்கு எட்டடி ஃபார்மிகா தகட்டைச் சுருட்டி, ராஃபியா கயிற்றால் கட்டி, என் ஹோண்டா மோட்டாரின் பின்னால் குறுக்கே வைத்துக்கொண்டு கிளம்பினேன். கோயில் வளைவில் ஒரு லாரி எதிரே வந்து காற்றை வீசிவிட்டுப் போனதும் கயிறு அவிழ்ந்து, தகடு விரிந்து, தேக்கு மர நிறத்தில் ஒரு கப்பல் பாய் எழுந்தது போல என் முதுகுக்குப் பின்னால் நிமிர்ந்து நின்றது. மோட்டாரும் நானும் சாலையோரத்துக் கால்வாயை நோக்கிப் பயணப்பட்டதைப் பார்த்துச் சிரித்தவர்களில் இருவர் பிற்காலத்தில் எனக்கு உறவானார்கள். திருமணப் பேச்சின்போது இந்தச் சம்பவம் எனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்ளப்பட்டதாகக் கேள்வி.

இப்படியாக, பலகைமேல் தேக்குப் படத்தை ஒட்டி, அதன்மேல் இரட்டை அடுப்பை வைத்து, அம்மாவை நிற்கவைத்தேன். நின்றாள். ஆனால் சோற்றுப்பானையை இறக்கும்போதெல்லாம் அடியில் ஒரு பழைய பீங்கான் தட்டைத் தேடினாள், ஃபார்மிகாவின் மேல் அவளுக்குக் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை. நாலைந்து மழைக்காலத்தில் ஓரங்கள் ஊதி வாயைத் திறந்தன. அதற்குப் பிறகு வந்த டைல்ஸ் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தௌக்கே சொன்னபடி சிமெந்து, அவர் சொன்னபடி வெள்ளைச் சதுரங்கள். சதுரங்களுக்கு நடுவே மஞ்சளேறிய கோடுகள். தீபாவளிக்கு முந்தின வாரம் பழைய பல்துலக்கியும் கையுமாகக் குடும்பமே அந்தக் கோடுகளைத் தேய்த்தது. முப்பது வருடம் நின்றது. ஒரு நன்றி கூடச் சொல்லாமல் இப்போது அதைத்தான் உடைக்கப் போகிறோம்.

அம்மி என்ன ஆனது என்று கேட்பீர்கள். லயத்திலிருந்து லாரியில் எங்களோடு வந்து, பின்கட்டில் துணி துவைக்கிற இடத்தில் மழையில் நனைந்துகொண்டு கிடந்தது. தூக்கிப்போட மனம் வரவில்லை, வீட்டுக்குள் வைக்க இடம் வரவில்லை. எல்லா மலிவு விலை வீட்டுக்காரர்களையும் போல நாங்களும் குசினியைப் பின்பக்கம் இழுத்துக் கட்டியபோது, தரை போட வந்த கொத்தனார் பள்ளம் நிரப்பக் கல் போதவில்லை என்று சுற்றுமுற்றும் பார்த்து, "இது வேணுமா, வேணாமா?" என்று கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. அம்மாதான், "வீட்டுக்குள்ளதானே போடுறீங்க? போடுங்க" என்றாள். ஆகவே எங்கள் அம்மி இன்றைக்கும் குசினியில்தான் இருக்கிறது, சிமெந்துக்கு அடியில், எந்த இடம் என்று அடையாளம் இல்லாமல். அதற்கு நேர் மேலே நின்றுகொண்டுதான் நானும் மனைவியும் கருங்கல் அடிக்கு நூற்று எண்பதா இருநூறா என்று வாதாடினோம்.

மகள் பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடியில் இருக்கிறாள். 1881இல் ஒரே வருடத்தில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் கூரைகளைத் தின்றுவிட, இனி செங்கல்லில்தான் கட்ட வேண்டும் என்று முடிவாகி, சூளைகள் புகைந்த பேட்டை அது. சூளை புகைந்த மண்ணின் மேல், இருபத்திரண்டாம் மாடியில், என் மகளின் சமையலறையில் நெருப்பே கிடையாது. கண்ணாடித் தகடொன்றைத் தொட்டால் தண்ணீர் கொதிக்கிறது. நடுவில் தனியாக ஒரு வெள்ளைக் குவார்ட்ஸ் மேடை, படகுத்துறை அளவுக்கு. சுற்றிலும் உயரமான முக்காலிகள். அதில் நான் பார்த்தவரையில் அதிகம் வைக்கப்பட்டவை மடிக்கணினியும், மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிற சாப்பாட்டுப் பொட்டலமும்தான். அங்கே போகும்போதெல்லாம் என் மனைவி மஞ்சள்தூள் கலந்த எதையும் பையிலிருந்து வெளியே எடுப்பதில்லை. "ப்பா, வைட் எடுங்க, வீடு பெருசாத் தெரியும்" என்று மகள் எனக்கு வாட்ஸ்அப்பில் படங்களாக அனுப்பிக்கொண்டிருந்தாள். எங்கள் வீடு எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் அதன் அளவு எனக்குத் தெரியும்; கடன் கட்டியவன் நான்.

வெள்ளைக்கு ஆசைப்பட்ட மகளுக்காகக் கடைக்காரப் பெண் எடுத்துக் காட்டிய கருங்கல் வகைகளில் ஒன்றுக்குக் காஷ்மீர் ஒயிட் என்று பெயர். வெளிர் சாம்பலில் சிவப்புப் பொட்டுகள், பார்க்க லட்சணம். காஷ்மீருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மதுரைக்குப் பக்கத்தில் மேலூர் வட்டாரத்தில் வெட்டியெடுக்கிற கல். என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி, மேல்தளத்தில் பாயை விரித்து, வாந்தியும் வெயிலுமாகக் கிடந்து, போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியவர். 1972இல் அந்தத் துறைமுகத்துக்குக் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறிற்று, ரஜூலாவும் அடுத்த வருடத்தோடு ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது. இப்போது அதே துறைமுகத்தில் கொள்கலனுக்குள் சாய்த்து நிறுத்தி, முட்டுக்கொடுத்து, காப்புறுதி எடுத்து, கீறல் படாமல் அந்தச் சீமைக் கற்கள் வந்திறங்குகின்றன. தாத்தாவுக்கு யாரும் காப்புறுதி எடுக்கவில்லை. அவரிடமும் அடிக்கணக்கு இருந்தது, ஆனால் அது வேறு அடி.

மறுசுழற்சிப் பொருள் கலந்த பலகை ஒன்றும் இருந்தது; உலகத்தைக் காப்பாற்றும் என்றாள் அந்தப் பெண். மனைவி அதைக் கையிலெடுத்து முகர்ந்து பார்த்தாள். முகர்வதற்குக் காரணம் உண்டு. சீனப் புத்தாண்டில் டொங் சென் புத்தக் கோயிலின் விளக்குகளைப் பார்க்கக் கூட்டம் திரள்கிற ஊர் என்றுதான் ஜெஞ்சாரோமை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும், 2018 வரைக்கும். அந்த வருடத் தொடக்கத்தில் வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பையை இனி வாங்கமாட்டேன் என்று சீனா கதவைச் சாத்தியதும், அந்தக் குப்பை வழி விசாரித்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தது. செம்பனைக்கு நடுவே உரிமமில்லாத தொழிற்சாலைகள், நள்ளிரவில் நெருப்பு, விடிகாலையில் தொண்டையைப் பிடிக்கிற நாற்றம். ஊர்க்காரர்கள் மனுமேல் மனுவாகக் கொடுத்து, படம் எடுத்து, விடாமல் நின்றதில்தான் அந்த வருடமே பலவற்றை மூடினார்கள். உலகப் பத்திரிகைகளில் எங்கள் ஊர்ப் பெயர் வந்தது அப்போதுதான். "சும்மா கொட்டிட்டுப் போனாங்க. இப்ப அடிக்கு எவ்வளவுங்கறா?" என்று கேட்டுவிட்டு மனைவி துண்டைத் திருப்பி வைத்தாள்.

கடைசியில் முடிவைச் செய்தது 3,500 வெள்ளிதான். கிள்ளான் பக்கம் கல் அறுக்கிற பட்டறைகளில், பங்களாக்காரர்களுக்கு அறுத்ததில் மீந்த துண்டுகளைச் சுவரோரம் சாய்த்து வைத்திருப்பார்கள். நீளம் நமக்கு ஒத்துவந்தால் விலையும் ஒத்துவரும் என்று பழைய சிநேகிதர் ஒருவர் காதில் போட்டார். அங்கே குவார்ட்ஸ் அறுத்துக்கொண்டிருந்த பையன், வெளியூர்ப் பிள்ளை, ஒரு துணியை மூக்கில் கட்டியிருந்தான், புருவமெல்லாம் வெள்ளைத்தூள். அந்தத் தூள் நுரையீரலைக் கெட்டிப்படுத்துகிறது என்று 2024 ஜூலை முதல் ஆஸ்திரேலியாவில் அந்த வகைக் கல்லையே தடை செய்துவிட்டார்கள். கருங்கல்லிலும் தூள் உண்டு, அதில் சிலிக்கா குறைவு, தண்ணீர் விட்டு அறுத்தால் இன்னும் குறைவு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தண்ணீர் விட்டு அறுக்கச் சொன்னேன். பட்டறைத் தௌக்கேயின் மகன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் குழாயைத் திறந்தான்.

கிடைத்தது கறுப்புக் கருங்கல், எட்டடிக்குக் கொஞ்சம் குறைவு. மாட்ட வந்த நாளில் உயரத்தைப் பற்றி ஒரு வழக்கு நடந்தது. முப்பத்து நான்கு அங்குலம்தான் எல்லாருக்கும் என்றார் மாட்டுகிறவர். நாலடி ஒன்பது அங்குல அம்மா தன் கை முட்டியை அதன்மேல் வைத்துக் காட்டி, "எல்லாருன்னா யாரு?" என்றாள். இரண்டு அங்குலம் குறைந்தது. இப்போது மனைவிக்கு இடுப்பு வலிக்கிறது.

அந்த மேடையின் அழகைப் பார்த்தபின் அதில் எண்ணெய் தெறிக்க விடுவது பாவம் என்று எல்லாருக்குமே தோன்றிவிட்டது. கறுப்பில் தூசு தெரிகிறது, கைரேகை தெரிகிறது. கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடையொன்றில் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு வாங்கிவந்து மேலே விரித்தாயிற்று. மீன் பொரிப்பது, சம்பல் கிளறுவது, முறுக்குப் பிழிவது எல்லாம் பின்பக்கம், தகரத்துக்குக் கீழே, ஒற்றை கேஸ் அடுப்பில். தீபாவளிக்கு முதல்நாள் மகள் வந்து இறங்கியபோது வீட்டில் எல்லாரும் அங்கேதான் இருந்தோம். அம்மா மட்டும் முக்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு செங்கல்மேல் கிடத்திய ஒரு கறுப்புக் கல்லில் இஞ்சியும் பூண்டும் நசுக்கிக்கொண்டிருந்தாள். சிங்க்குக்காக மேடையில் வெட்டியெடுத்த துண்டு அது. மாட்ட வந்தவர் குப்பையோடு அள்ளப் பார்த்ததை அம்மா பறித்து வைத்திருந்தாள்.

மகள் கைப்பையைக் கூட இறக்கவில்லை. குனிந்து நாலு கோணத்தில் படம் எடுத்தாள். "செம்மையா இருக்கு பாட்டி! எந்தக் கடை? அடிக்கு எவ்வளவு?"

"இதுவா?" என்றாள் அம்மா. "இது ஓட்டைடி. ஓட்டையை எவனாவது அடிக்கணக்குல விப்பானா?"

விற்கிறார்கள். ஓட்டையையும் சேர்த்துத்தான் எட்டடி என்று அளந்தார்கள்; ஓட்டை போட்டதற்குத் தனியாக 120 வெள்ளி. ரசீது என் சட்டைப் பையில் இருந்தது. மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததால் நான் முறுக்கைப் பிழியத் தொடங்கினேன்.